அருகிவரும் சுறா

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் பழம்புலவர்கள் சுறாவை மறந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாமல் ஓய்ந்திருந்து, சுறவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கருதி வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. காமவேளுக்குச் சுறவுக்கொடியோன் என்று பெயர். தை மாதத்தைச் சுறவம் என்று வழங்குவாரும் உளர். இவ்வாறு தெய்வமாகவும், கொடியாகவும், திங்களின் பெயராகவும் நம்மோடு கலந்து நின்ற ஒரு கடல்வாழ் உயிர், இன்று உலகக் கடல்களிலெல்லாம் வேகமாக அருகி வருகின்றது.

பரதவர் நட்டு வழிபட்ட கொம்பு, வாள்போல் நீண்டு இருபுறமும் பற்கள் பதித்த வேளா மீனின் மூக்காக இருக்கலாம். விலங்கியலார் வேளாவைத் திருக்கைகளோடு சேர்த்து எண்ணுவர். எனினும் அது சுறாவுக்கு நெருங்கிய உறவு. அந்த வேளா இன்று நம் கடலில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. மூதாதையர் வணங்கிய உயிரை அருங்காட்சியகத்தில் மட்டும் பார்க்க வேண்டிய நிலை ஏன் வந்தது? எஞ்சியிருப்பவற்றையேனும் காக்க முடியுமா? அதில் நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கு என்ன பங்கு? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுறா என்னும் மீன்

சுறா ஒரு மீன்தான். ஆனால் மற்ற மீன்களைப் போன்றதன்று. நாம் அன்றாடம் உண்ணும் மத்தி, வஞ்சிரம் முதலியன எலும்பு மீன்கள். சுறாவின் உடலில் எலும்பு என்பதே இல்லை. நம் காதுமடலிலும் மூக்கு நுனியிலும் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பாலேயே அதன் உடற்கூடு முழுவதும் ஆனது. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன் வகுப்பைச் சேர்ந்தவை. சுறாக்களில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கையில் அடங்கும் சிறு சுறாவும் உண்டு. 12 மீட்டருக்கு மேல் வளரும் திமிங்கலச் சுறாவும் உண்டு. உலகின் மிகப் பெரிய மீனாகிய அத்திமிங்கலச் சுறா மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்ணும் சாதுவான உயிர் என்பது வியப்புக்குரிய செய்தி.

சுறாவின் தோலைத் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும். அதன் செதில்கள் பற்களைப் போன்ற அமைப்புடையவை என்பதே அதற்குக் காரணம். வாயிலுள்ள பற்கள் விழ விழப் புதியன முளைத்துக்கொண்டே இருக்கும். எலும்பு மீன்களுக்கு உள்ள காற்றுப்பை சுறாவுக்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அதன் உடல் எடையைத் தாங்கி மிதக்க உதவுகின்றது. மூக்கைச் சுற்றிலும் சிறு துளைகள் காணப்படும். இவற்றை இத்தாலிய அறிஞர் லொரன்சினி 1678ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அவற்றின் பயன் பிற்காலத்தில்தான் விளங்கியது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீனின் தசை அசைவால் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் சுறா அத்துளைகளின் வழியே உணர்ந்துகொள்கிறது.

இந்த உயிர்க்குலம் தோன்றி 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது. மண்ணில் பெருமரங்கள் தோன்றுவதற்கு முன்னரே கடலில் சுறாவின் முன்னோர் நீந்தினர். டைனோசர்கள் தோன்றி மறைந்ததையும் சுறாக்குலம் கண்டது. உலக வரலாற்றில் நேர்ந்த ஐந்து பேரழிவுகளையும் அது தாண்டி வந்தது. அத்தகைய குலம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மனிதனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

அச்சமும் உண்மையும்

சுறா என்றவுடன் நம்மில் பலருக்கு முதலில் எழுவது அச்சமே. 1974இல் பீட்டர் பெஞ்ச்லி எழுதிய ‘ஜாஸ்’ என்னும் ஆங்கில நாவலும், அடுத்த ஆண்டே வெளிவந்த திரைப்படமும் அவ்வச்சத்தை உலகெங்கும் பரப்பின. பழிவாங்கும் அரக்கனாகச் சுறாவைச் சித்திரித்த அதே எழுத்தாளர், பிற்காலத்தில் உண்மையை அறிந்து, தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியைச் சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேசுவதில் செலவிட்டார் என்பது பலரும் அறியாதது.

உண்மை நிலை என்ன? அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகம் உலகெங்கும் நிகழும் சுறாக் கடிகளைப் பதிவு செய்து வருகிறது. மனிதன் சீண்டாமல் சுறா தானாகக் கடித்த நிகழ்ச்சிகள் 2023இல் 69, 2024இல் 47. இவற்றுள் உயிரிழப்பு பெரும்பாலான ஆண்டுகளில் பத்துக்கும் குறைவே. நாய்க்கடியாலும் பாம்புக்கடியாலும் நம் நாட்டில் மட்டும் எத்தனை உயிர்கள் போகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் சிறுமை விளங்கும். மறுபுறம், 2019ஆம் ஆண்டில் மீன்பிடிப்பால் மடிந்த சுறாக்கள் ஏறத்தாழ 8 கோடி என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. யார் யாருக்கு அஞ்ச வேண்டும் என்பதை இவ்விரு எண்களே சொல்லிவிடும்.

எண்கள் கூறும் கதை

ஆழ்கடலில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970ஆம் ஆண்டுக்குப் பின் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. நூறு இருந்த இடத்தில் இன்று முப்பதுகூட இல்லை. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, குருத்தெலும்பு மீன் இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழியும் ஆபத்தில் உள்ளன என்று அறிவித்தது. 58 நாடுகளில் 371 பவளப் பாறைத் திட்டுகளை நீரடிக் கேமராக்களைக்கொண்டு ஆராய்ந்தவர்கள் 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். அத்திட்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஒரு சுறாவும் கேமராவின் கண்ணில் படவில்லை.

நம் வீட்டுக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரிக் கடலில் கிடைத்த மாதிரியைக்கொண்டு 1839இல் ஜெர்மானிய விலங்கியலார் முல்லரும் ஹென்லேயும் ஒரு சுறா இனத்தை விவரித்தனர். அது இன்றும் புதுச்சேரிச் சுறா என்றே உலக அறிவியலில் வழங்கப்படுகிறது. உலகின் அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து அதன் மாதிரிகள் இருபது அளவிலேயே உள்ளன. ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்ட கடைசிப் பதிவு 1979ஆம் ஆண்டினது. அதன்பின் எங்கோ கண்டதாகச் சிற்சில செய்திகள் வந்தனவேயன்றி உறுதியான சான்று கிட்டவில்லை. நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் உயிர் இருக்கிறதா, இல்லையா என்றே சொல்ல முடியாத நிலை!

ஏன் இந்த வீழ்ச்சி?

மீன்பிடித் தொழில் இன்று நேற்று தோன்றியதன்று. மத்தியையும் நெத்திலியையும் மனிதன் நெடுங்காலமாகப் பிடித்து வருகிறான்; அவை இன்னும் கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சுறா மட்டும் ஏன் இவ்வளவு விரைவில் குறைய வேண்டும்? இதற்கான விடை அதன் இனப்பெருக்கத்தில் இருக்கின்றது.

மத்தி ஓராண்டளவில் முதிர்ச்சியடைந்து, பல்லாயிரம் முட்டைகளை இடும். சுறா அவ்வாறன்று. பல இனங்கள் தாயின் வயிற்றிலேயே குட்டிகளை வளர்த்து ஈனுகின்றன. குட்டிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியது. முள் நாய்ச்சுறா என்னும் இனம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சூல் சுமக்கிறது. யானையின் சூற்காலத்தைவிட இது குறைந்ததன்று. வட அட்லாண்டிக் கடலின் பெண் வெள்ளைச் சுறா முதிர்ச்சியடைய 33 ஆண்டுகள் ஆகின்றன என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. வடகடலில் வாழும் கிரீன்லாந்துச் சுறா குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடும் என்று 2016இல் கண்டறிந்தனர். கட்டபொம்மன் காலத்தில் பிறந்த சுறா ஒன்று இன்றும் அங்கே நீந்திக்கொண்டிருக்கலாம்.

உழவர் வீட்டில் எத்தகைய பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்க மாட்டார்கள். முதிர்ச்சியடையாத சுறாவைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்தி உண்பதைப் போன்றது. சில சிறு சுறா இனங்கள் ஓரளவு விரைவாக வளர்ந்து பெருகுகின்றன என்பது உண்மை. அளவோடு பிடித்தால் அவை தாங்கிக்கொள்ளும். ஆனால் வலை இனம் பார்த்துப் பிடிப்பதில்லை.

இயல்பிலேயே மெதுவாகப் பெருகும் இவ்வுயிரின்மீது மூன்று பேராசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

முதலாவது, ஈரல் எண்ணெய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, வைட்டமின் ‘ஏ’ நிறைந்த சுறா எண்ணெய்க்கு உலகெங்கும் தேவை பெருகியது. அன்றைய சென்னை மாகாணத்துக் கோழிக்கோட்டிலும் அரசே சுறா எண்ணெய்த் தொழிற்சாலை நடத்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் 1930களின் இறுதியில் இவ்வெண்ணெய்க்காகத் தொடங்கிய பெருவேட்டை, சுறாக்கள் தீர்ந்துபோனமையால் பத்தாண்டுகளுக்குள் சரிந்தது. வைட்டமின் ‘ஏ’யைச் செயற்கையாகச் செய்யக் கற்றபின் அத்தேவை தணிந்தது. எனினும் ஆழ்கடல் சுறாக்களின் ஈரலிலிருந்து எடுக்கப்படும் ஸ்குவாலீன் என்னும் பொருள் முகப்பூச்சுகளுக்காக இன்றும் விலைபோகிறது.

இரண்டாவது, துடுப்பு. சீன விருந்துகளில் சுறாத் துடுப்புக் கஞ்சி செல்வத்தின் அடையாளம். துடுப்புக்கு விலை மிகுதி. இறைச்சிக்கு விலை குறைவு. எனவே கப்பலில் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, பிடித்த சுறாவின் துடுப்புகளை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை உயிரோடு கடலில் வீசும் கொடிய வழக்கம் தோன்றியது. துடுப்பிழந்த சுறா நீந்த இயலாமல் அடியில் அமிழ்ந்து மடியும்.

மூன்றாவது, தற்செயற் பிடிப்பு. இறாலுக்கு இழுக்கும் மடியிலும், சூரைக்கு விரிக்கும் ஆயிரங்கால் தூண்டிலிலும் சுறா தானாக வந்து மாட்டிக்கொள்கிறது. பருத்தி வலையின் இடத்தை நைலான் வலை பிடித்தபின், பாய்மரத்தின் இடத்தை இயந்திரம் பிடித்தபின், கடலில் ஒளிந்துகொள்ள இடம் குறைந்தது. இழுவலை கரையோரத்தை அரிக்கும்போது, அங்கே வளர வந்த சுறாக் குட்டிகளும் சேர்ந்து வருகின்றன. வேளா மீனின் அழிவுக்கும் இதுவே முதற் காரணம். அதன் பெருமைக்குரிய வாள்மூக்கின் பற்களே வலைக்கண்களில் சிக்கி, அதற்கு எமனாக முடிந்தன.

சுறா இல்லாத கடல்

ஓர் இனம் அழிந்தால் உலகம் நின்றுவிடுமா என்று சிலர் வினவலாம். காட்டில் புலி எத்தகையதோ கடலில் பெருஞ்சுறா அத்தகையது. புலி மானைத் தின்பதால் மட்டும் காட்டைக் காப்பதில்லை. புலி இருக்கிறது என்னும் அச்சத்தாலேயே மான் ஓரிடத்தில் நின்று புல்லை வேரோடு மேய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள சுறா விரிகுடாவில் இதனை ஆய்ந்து கண்டனர். புலிச்சுறாக்கள் வரும் பருவத்தில் ஆவுளியா என்னும் கடற்பசுக்களும் ஆமைகளும் ஆபத்து மிகுந்த இடங்களில் மேய்வதைத் தவிர்க்கின்றன. அதனால் கடற்புல் வெளிகள் தழைக்கின்றன. கடற்புல் தழைத்தால் அதனை அண்டி வாழும் மீனும் இறாலும் தழைக்கும்.

கடற்புல்லும் ஆவுளியாவும் நமக்கு அயலானவையல்ல. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் அவை உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. பாக்கு விரிகுடாவில் ஆவுளியாவுக்கெனத் தனிக் காப்பிடம் ஒன்றை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. கடலின் உயிர்கள் சங்கிலிபோல் பிணைந்தவை. ஒரு கண்ணியை அறுத்துவிட்டு மற்றவற்றைக் காப்போம் என்பது நடவாத செயல்.

சட்டம் வந்த வரலாறு

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. ஆனால் மீன் என்ற காரணத்தாலோ என்னவோ, சுறா நெடுங்காலம் அதன் பட்டியலில் இடம்பெறவில்லை. 2001 மே மாதத்தில் திமிங்கலச் சுறா முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் நடுவண் அரசு ஒரே ஆணையால் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் முதற்பட்டியலில் சேர்த்தது. புலிக்குள்ள பாதுகாப்பு ஒரே நாளில் எல்லாச் சுறாவுக்கும் கிடைத்தது.

விளைவு என்ன? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதிக் கடற்கரை ஊர்களின் மீனவர்கள் சுறா வேட்டையில் பெயர்பெற்றவர்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, இலட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் வரையிலும் சென்று ஆயிரங்கால் தூண்டில் இடுபவர்கள். அவர்களைக் கேளாமல் அவர்களுடைய தொழில் ஓர் இரவில் குற்றமாக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அரசு ஆணையைத் திருத்தி, திமிங்கலச் சுறா, புதுச்சேரிச் சுறா, கங்கைச் சுறா, வேளா வகைகள் முதலிய பத்து இனங்களை மட்டும் பட்டியலில் நிறுத்தியது. மக்களை விட்டுவிட்டுத் தாளில் மட்டும் எழுதப்படும் பாதுகாப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அந்த ஐந்து மாதங்களே சான்று.

பின்னர் வந்த விதிகள் சற்று நிதானமானவை. 2013இல் சுறாவின் துடுப்பை உடலோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி வந்தது. 2015 பிப்ரவரியில் சுறாத் துடுப்பு ஏற்றுமதி முற்றிலும் தடை செய்யப்பட்டது. 2022இல் வனவிலங்குச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, மேலும் பல இனங்கள் பட்டியல்களில் சேர்ந்தன. உலக அளவில் சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு வாணிப உடன்படிக்கை 2002 முதல் ஒவ்வொன்றாகச் சுறாக்களைச் சேர்த்துவந்து, 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில் ஒரு பெருங்குடும்பத்தையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பலாவுத் தீவு நாடு 2009இல் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் புகலிடமாக அறிவித்தது. மாலத்தீவு 2010இல் சுறாப் பிடிப்பைத் தடை செய்தது. உயிருள்ள சுறாவைக் காண வரும் பயணிகளால் கிடைக்கும் வருவாய், செத்த சுறாவின் விலையைவிடப் பன்மடங்கு என்பதை அந்நாடுகள் கணக்கிட்டு அறிந்திருந்தன.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. துடுப்பறுப்பைத் தடை செய்ததால் மட்டும் மடியும் சுறாக்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை என்று முன்சொன்ன 2024ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. துடுப்போடு உடலும் கரைக்கு வந்தது. உடலுக்கும் சந்தை பிறந்தது. கொடுமை குறைந்தது, கொலை குறையவில்லை. ஆகவே சட்டம் பாதி வழி. மறுபாதி மக்களின் மனம்.

வேராவல் காட்டிய வழி

மக்கள் மனம் மாறினால் என்ன நிகழும் என்பதற்குக் குஜராத் மாநிலத்துச் சௌராஷ்டிரக் கரை நல்ல சான்று. வேராவல் முதலிய துறைமுகங்களில் 1990களில் திமிங்கலச் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டன. ஈரல் எண்ணெய் படகுகளுக்குப் பூச. இறைச்சி அயல்நாட்டு ஏற்றுமதிக்கு. பீப்பாய்களைக் கட்டி அதனைச் சோர்வடையச் செய்து பிடித்தமையால் அம்மீனுக்கு அங்கே ‘பேரல்’ என்பதே பெயராயிற்று. மைக் பாண்டே என்பார் அக்காட்சிகளைப் படமாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்படம் உலகப் பரிசு பெற்றது; அடுத்த ஆண்டு சட்டப் பாதுகாப்பும் வந்தது. ஆயினும் மீனவர் பலருக்கு அச்சட்டம் வந்ததே தெரியாது.

2004இல் குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் பிற அமைப்புகளும் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கின. மக்கள் போற்றும் இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதன் தூதரானார். இந்த மீன் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு தேடிவரும் மகள் போன்றது. வீடு வந்த மகளை யாரேனும் கொல்வார்களா என்பது அவர் எடுத்துரைத்த கருத்து. ‘பேரல்’ என்ற பெயர் மாறி, அன்புக்குரியவள் என்று பொருள்படும் ‘வ்ஹாலி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. வலையில் மாட்டிய திமிங்கலச் சுறாவை விடுவிக்க மீனவர் தம் வலையையே அறுத்தனர். அறுபட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடு வழங்கியது. விடுவித்ததற்குச் சான்றாக மீனவரே புகைப்படம் எடுக்கக் கேமராவும் தரப்பட்டது. இவ்வாறு இதுவரை எண்ணூறுக்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் கடலுக்குத் திரும்பியுள்ளன. கொன்ற கைகளே காத்தன என்பது இவ்வரலாற்றின் சிறப்பு. அதற்கு மூன்று காரணங்கள்: மக்களுக்குப் புரியும் மொழியில் சொன்னது, அவர்கள் மதிக்கும் ஒருவரைக்கொண்டு சொன்னது, இழப்பை ஏழையின் தலையில் சுமத்தாதது.

பால்சுறாவும் பாதரசமும்

இனி நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை. சுறாப்புட்டு நம் கடற்கரை ஊர்களின் அருமையான பண்டம். இவற்றை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. மீன் நல்ல புரத உணவு. மகப்பேறுற்ற தாய்க்கு அது தேவை. ஆனால் அறிவியல் சொல்லும் ஒரு செய்தியையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைக் கழிவுகளாலும் நிலக்கரிப் புகையாலும் கடலில் சேரும் பாதரசம், நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் படிப்படியாக ஏறுகின்றது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. உணவுச் சங்கிலியின் உச்சியில் நெடுங்காலம் வாழும் பெருஞ்சுறாவின் தசையில் அது மிகுதியாகத் தங்குகிறது. இப்பாதரசம் கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கவல்லது. இதனாலேயே அமெரிக்க உணவு மருந்துத் துறை, கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. சிறிய சுறாவில் பாதரசம் குறைவாகவே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பால்சுறா என்ற பெயரில் சந்தைக்கு வருவன எல்லாம் ஒரே இனமல்ல. பெரிதாக வளரக்கூடிய இனங்களின் குட்டிகளும் அவற்றுள் கலந்துவிடுவதுண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் நலம் தேடி நாம் வாங்குவது, இன்னொரு தாயின் அரும்பிள்ளையாக இருக்கலாம்.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் விலை குறைந்தவை, சத்து மிகுந்தவை, பாதரசம் குறைந்தவை, விரைவில் பெருகுபவை. தாய்க்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

நாம் செய்யக்கூடியவை

கடலுக்குள் செல்லாத நாம் சுறாவுக்கு என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம்.

முதலாவதாக, வாங்கும்போது கேட்போம். சந்தையில் சிறு சுறாக் குட்டிகளைக் கண்டால் அவற்றைத் தவிர்த்து, விரைவில் பெருகும் மீன்களை வாங்குவோம். கொம்பன் சுறா, வேளா போன்ற அரிய இனங்களை எக்காரணத்தாலும் வாங்காதிருப்போம். கேட்பாரற்ற பொருள் கடைக்கு வராது.

இரண்டாவதாக, சுறாப் பல் கோத்த மாலை, தாடை, வேளாக் கொம்பு ஆகியவற்றை நினைவுப் பொருளாக வாங்காதிருப்போம். வேளாக் கொம்பு விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் பிறருக்குச் சொல்வோம். முகப்பூச்சு வாங்கும்போது அதிலுள்ள ஸ்குவாலீன் எதிலிருந்து எடுத்தது என்று பார்ப்போம். ஒலிவ எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் அதனைப் பெற முடியும்போது சுறாவைக் கொல்வானேன்?

மூன்றாவதாக, நாம் பேசும் முறையை மாற்றுவோம். கரை ஒதுங்கிய திமிங்கலச் சுறாவை ‘இராட்சத மீன்’ என்று எழுதும் செய்தியும், அதன்மேல் ஏறி நின்று எடுக்கும் படமும் அச்சத்தையும் அலட்சியத்தையுமே வளர்க்கும். உயிரோடு ஒதுங்கியது தெரிந்தால் வனத்துறைக்குத் தெரிவித்து, கடலுக்குத் திரும்ப உதவுவதே முறை.

நான்காவதாக, கடற்கரையை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் ஓர் அரிய பணி செய்யலாம். மீன் இறங்குதுறையில் வாரம் ஒருமுறை எந்தெந்தச் சுறா, எத்தனை, எந்த அளவில் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவரலாம். 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் இத்தகைய கணக்கெடுப்பை நடத்துகிறது. ஆனால் துறைகளோ மிகப் பல. உள்ளூர்ப் பெயர்களை அறிந்த மீனவர் வீட்டுப் பிள்ளையைவிட இதற்குத் தகுதியானவர் யார்? விலங்கியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இதனை மேற்கொண்டால் பத்தாண்டுகளில் அது விலைமதிப்பற்ற ஆவணமாகும். உலகத் திமிங்கலச் சுறா நாளாகிய ஆகஸ்டு 30ஐ நம் கல்லூரியிலும் ஒரு கருத்தரங்கோடு கொண்டாடலாம்.

ஐந்தாவதாக, மீனவரை எதிரியாகக் கருதும் மனப்போக்கை விடுவோம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மீன்வளம் பெருகுவதற்காக இச்சுமையை மீனவக் குடும்பங்களே தாங்குகின்றன. சூல்கொண்ட சுறாவையும் குட்டிகளையும் உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு வேராவலில் போல் வலைக்கு இழப்பீடு வேண்டும் என்று கேட்பதும், சுறா வளரிடங்களில் இழுவலையைத் தவிர்க்க அவர்களோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்பதும் கற்றவர்களாகிய நம் கடமை.

துடுப்புக் கஞ்சியை விட்டொழிக்கச் சீனத்துக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங் 2006 முதல் தம் மக்களிடம் வேண்டினார். 2012இல் சீன அரசு தன் அரசு விருந்துகளில் அதனை நீக்குவதாக அறிவித்தது. நூற்றாண்டுக் கணக்கில் வேரூன்றிய வழக்கமே தளரும்போது, நம்மால் ஆகாதது என்ன இருக்கிறது?

பட்டினப்பாலைக் காலத்துப் பரதவர் சுறாவைப் பிடித்தனர், உண்டனர், அதையே வணங்கவும் செய்தனர். மாதத்தில் ஒரு நாளேனும் கடலுக்கு ஓய்வு தந்தனர். எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பதே அவர்கள் வாழ்க்கை சொல்லும் பாடம். நாற்பது கோடி ஆண்டுகள் கடலைக் காத்த குலத்தை நாற்பது ஆண்டுகளில் முடித்துவிட்ட தலைமுறை என்ற பழி நமக்கு வேண்டாம். அடுத்த முறை மீன் கடைக்குச் செல்லும்போது, கூடையில் கிடக்கும் அந்தச் சிறு குட்டியைக் கண்டு, ‘இது என்ன சுறா, அண்ணாச்சி? எங்கே பிடித்தது?’ என்று ஒரு கேள்வி கேட்போம். பாதுகாப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.